வெண்டைக்காய் அச்சு

"அந்தப் பொண்ணு என்னைத் திருடன்னு சொல்லிட்டா, டீச்சர். அதுவும் எல்லாப் பிள்ளைங்க முன்னாடியும்."

புகார் சொன்ன அருமைநாயகம், ஓர் உயர்நிலைப் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்னப் பிள்ளைகளோடு எப்படி வேலை செய்வது என்று கற்றுக்கொள்ள, தில்லைநாயகியின் பாலர் பள்ளிக்கு வந்திருந்தார். தில்லைநாயகிக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும்.

"எதை எடுத்தீங்க, சார்?"

"எடுக்கலை டீச்சர், கொடுத்தேன். நல்ல படமா கொடுத்தேன்."

அன்று மாலை பெற்றோர் பார்க்க வரும் கண்காட்சி. பிள்ளைகள் நறுக்கிய வெண்டைக்காயையும் பாட்டில் மூடியையும் சாயத்தில் தோய்த்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் அச்சுக் குத்தியிருந்தார்கள். முத்தரசி ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்ததில் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அப்பிக் கிடந்தது. கீழே மூடியால் இரண்டு வட்டம் வேறு.

மாஸ்டருக்கு மனசு பொறுக்கவில்லை. அதைக் கசக்கிப் பழைய சாமான் சாக்கில் போட்டார். வேறு தாளில் இடைவெளி விட்டுப் பூப்பூவாகக் குத்தி, இலை வரைந்து, அட்டையில் ஜாடி வெட்டி ஒட்டி, அவள் பெயர்ச் சீட்டோடு சுவரில் மாட்டிவிட்டார்.

பெற்றோர் வருகிறார்கள் என்றால் பல இடங்களில் நடக்கிற கூத்துதான் இது. பிள்ளை ஒன்று செய்யும், சுவரில் வேறொன்று தொங்கும். யாருக்கும் வெட்கமே கிடையாது.

முத்தரசிக்கு இந்த வழக்கம் தெரியாது. அப்பாவுக்குக் காட்ட வைத்திருந்த படத்தைத் தாத்தா திருடிவிட்டார் என்று அழுதவள், மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

"நாலு வயசு. வாயைப் பாத்தீங்களா?"

தில்லைநாயகி சுவரிலிருந்த பெயர்ச் சீட்டைக் கிழித்தார். புதுச் சீட்டில் எழுதி ஒட்டினார்: அருமைநாயகம், எல்.கே.ஜி.

மாஸ்டருக்கு முகம் சிவந்தது. "என்னை ஊர் முன்னாடி அசிங்கப்படுத்துறீங்களா?"

"உங்க படம்தானே, சார். பேர்தான் மாறியிருந்துச்சு."

"அப்ப அவ படம்?"

"அதை நான்தானே உங்ககிட்ட கேக்கணும்."

கோபத்தோடுதான் சாக்கைக் கவிழ்த்தார். முட்டை அட்டைகளுக்கும் சோப்பு டப்பாக்களுக்கும் அடியில் தாள் கிடந்தது. கையால் நீவி, தன் பூக்களுக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

மூலையிலிருந்து முத்தரசி எழுந்து வந்தாள்.

"தலைகீழா ஒட்டிட்டீங்க. வட்டம் கீழ வரணும்."

அதையும் பொறுத்துக்கொண்டு திருப்பி ஒட்டினார்.

மாலையில் அவளுடைய அப்பா வந்தார். டவுன் பஸ் கண்டக்டர். டிக்கெட் பை தோளில் இருந்தது, காக்கிச் சட்டை வியர்வையில் ஊறியிருந்தது.

பூ ஜாடியைத் தாண்டிப்போய்க் கசங்கிய தாளின் முன் நின்றார். மாஸ்டர் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார்.

கண்டக்டர் அப்பிக் கிடந்த அச்சுகளை விரலால் மெல்லத் தள்ளினார்.

"உள்ள போங்க, உள்ள போங்க. படியில நிக்காதீங்க."