தப்பு என்றால் காரணம் எழுத வேண்டும்

கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிள் அடிக்கும் அச்சகம் ஒன்றின் மாடியில் எஸ்தர் டீச்சர் குடியிருந்தார். வயது முப்பத்திரண்டு. காலேஜில் தர்க்கம் சொல்லிக் கொடுத்துவிட்டு, அங்கே யாருக்கும் அது தேவைப்படவில்லை என்று வேலையை விட்டவர். கீழே இருந்த அச்சகம் அவருடைய தம்பியுடையது.

அவரிடம் பாடம் கேட்க வந்த செண்பகவல்லிக்கு நாற்பத்து மூன்று. சனிக்கிழமை தவறாமல் வருவாள். வந்து நாலு வாரமாகிறது. புது நோட்டு வாங்கி அட்டை போட்டு வைத்திருந்தாள். "பாடம் ஒண்ணுன்னு போட்டுக்கிடட்டுமா டீச்சர்?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பாள். "இன்னும் ஆரம்பிக்கலையே" என்பார் டீச்சர். நோட்டு வெள்ளையாகவே கிடந்தது. அவளுக்கு அதில் ஏகப்பட்ட வருத்தம்.

அவள் மகள் குழலிக்குப் பதினொரு வயது. ஆறாம் வகுப்பில் ஒரு விடைக்குத் தவறு போட்ட வாத்தியாரிடம் "ஏன் சார்?" என்று கேட்டாள். மூன்று நாள் வெளியே நிற்க வைத்தார்கள். நாலாம் நாள் செண்பகவல்லி போய் மகளைக் கையோடு கூட்டிவந்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டிலேதான் படிப்பு. அவளுக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் செண்பகவல்லி தர்க்கம் படிக்க வந்தாள். குடும்பத்தில் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை. குறிப்பாக அவள் கணவனின் அண்ணன் சிவனணைஞ்சானுக்கு. பிள்ளையை வெளியூர் ஹாஸ்டலில் போடுவதற்கான ஃபாரத்தோடு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்.

"நாளைக்கு அத்தான் வாராங்க டீச்சர். புள்ள ஒழுங்காப் படிக்கான்னு காட்டணும். இல்லன்னா கூட்டிட்டுப் போயிருவாங்க. தர்க்கத்துக்குப் பயிற்சிப் புத்தகம் வாங்கவா, கம்ப்யூட்டர்ல சாஃப்ட்வேர் போடவா?"

"ரெண்டும் போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். எரவல் வாங்கித்தான். புத்தகம்னா பின்னால இருக்க விடையோட சண்டை போடுதா. கம்ப்யூட்டர்ல சிவப்பு விழுந்துச்சுன்னா, அடுத்த கேள்விய அமுக்க மாட்டேங்கா. மணிக்கணக்கா அதையே மொறச்சுப் பாத்துக்கிட்டு இருக்கா. எனக்கு மானம் போகுது. நீங்க எதச் சொன்னாலும் சரி. இன்னைக்கே வாங்கிருதேன்."

டீச்சர் ஒரு கேள்வித்தாளையும் பென்சிலையும் ரப்பரையும் அவள் முன் வைத்தார். பத்துக் கேள்விகள். விடைத்தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"மொதல்ல நீங்க செய்யுங்க. முடிச்சுட்டுச் சரி பாருங்க."

செண்பகவல்லி பரீட்சைக்கு வந்தவள்போல முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். நாலாவது கேள்வி இப்படி இருந்தது. மழை பெய்தால் தெரு நனையும். தெரு நனைந்திருக்கிறது. மழை பெய்ததா?

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் தெருவில் மழை பெய்து எத்தனை மாதம் ஆயிற்று! தண்ணி லாரி ஒழுகிக்கொண்டே போவதில் தினம் தெரு நனைகிறது. 'சொல்ல முடியாது' என்று எழுதினாள்.

முடித்ததும் விடைத்தாளைத் திருப்பினாள். நாலாவதற்கு 'பெய்தது' என்று அச்சாகியிருந்தது. ஐயோ என்று ரப்பரை எடுத்து அழித்து, 'பெய்தது' என்று திருத்தினாள். இன்னும் இரண்டு விடைகளும் அதேபோல மாறின. பிறகு டீச்சர் கம்ப்யூட்டரைத் திறந்து வேறு பத்துக் கேள்விகள் கொடுத்தார். இரண்டுக்குச் சிவப்பு விழுந்தது. சட்டென்று மாற்றினாள். பச்சை வந்ததும் மூச்சு விட்டாள்.

"புத்தகத்துல மூணு தப்பு. கம்ப்யூட்டர்ல ரெண்டு தப்பு" என்றாள். "அப்ப கம்ப்யூட்டர்தான் நல்லதோ?"

"அந்த மூணும் நீங்க மொதல்ல எழுதுனதுதான் சரி."

செண்பகவல்லிக்கு விளங்கவில்லை.

"விடைத்தாள் கீழ நம்ம அச்சகத்துல நான் அடிச்சது. மூணு விடைய வேணும்னே தப்பாப் போட்டேன். கம்ப்யூட்டர்லயும் கேள்வி, விடை ரெண்டையும் நாமளே ஏத்தலாம். அதுல ரெண்டு."

அவள் தாளைப் பார்த்தாள். ரப்பர் தேய்த்த மூன்று இடங்களும் அழுக்காக இருந்தன. காது மடல் சுட்டது.

"எனக்குத் தெரியுமே டீச்சர். தண்ணி லாரிய நான் தினம் பாக்கேன்."

"பெறகு ஏன் அழிச்சீங்க?"

"அச்சுல இருந்துச்சே."

டீச்சர் மேஜை இழுப்பறையிலிருந்து இன்னொரு கேள்வித்தாளையும் விடைத்தாளையும் எடுத்துக் கொடுத்தார். போன சனிக்கிழமை செண்பகவல்லி மகளை இங்கே விட்டுவிட்டுச் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் குழலி செய்தது. அவள் தன் விடைகளில் கை வைக்கவே இல்லை. அச்சடித்த விடைகளில்தான் மூன்றைப் பேனாவால் அடித்திருந்தாள். நாலாவதன் பக்கத்தில் கோழிக் கிறுக்கலாக எழுதியிருந்தது: 'தப்பு. காரணம்: தண்ணி லாரி.'

"இந்தச் சண்டைக்குத்தான் நான் அவளைத் திட்டிக்கிட்டே இருந்தேன்" என்றாள் செண்பகவல்லி. புத்தகமா கம்ப்யூட்டரா என்று கேட்கவும் மறந்து படியிறங்கிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சிவனணைஞ்சான் வந்தார். காபி குடித்தார். ஃபாரத்தை மேஜையில் விரித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் தட்டிக் காட்டினார்.

"எல்லாரும் பேசி முடிவு பண்ணியாச்சு. போடும்மா."

கணவன் தரையைப் பார்த்தபடி, "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவன் சொல்லிவரும் ஒரே வாக்கியம் அது.

செண்பகவல்லி பேனாவை எடுத்தாள்.

"ஏன் அத்தான்?"

"என்ன ஏன்?"

"ஏன் அனுப்பணும்?"

"வீட்ல படிச்ச புள்ள வெளங்குமா?"

"வெளங்காதுன்னு எத வச்சுச் சொல்லுதீங்க? வீட்ல படிச்ச புள்ள யாரையாச்சும் நீங்க பாத்துருக்கீங்களா?"

"ஊருக்கே தெரிஞ்ச விஷயத்துக்கு நான் சாட்சி கொண்டு வரணுமோ?"

"எனக்குத் தெரியலையே."

"ஓஹோ. வாய் வளந்துருக்கு" என்றார் அவர். "புள்ளைக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பல்லா தெரியுது. போடு கையெழுத்த!"

பதினாறு வருஷமாக அந்தக் குரலுக்கு அவள் எழுந்து நின்றிருக்கிறாள். இன்றைக்கு எழவில்லை. ஃபாரத்தின் குறுக்கே, கொட்டை எழுத்தில், பேனாவால் 'தப்பு' என்று எழுதினாள்.

கணவனுக்குக் காபி புரையேறியது. அத்தான் வாய் திறந்தபடி இருந்தார். அடுக்களை வாசலிலிருந்து குழலி எட்டிப் பார்த்தாள்.

"ம்மா, காரணம் எழுதலையே."

மகள் சொன்னதும் நியாயம்தான். செண்பகவல்லி அவளைப் பார்த்துக் கேட்டாள்.

"ஹாஸ்டலுக்குப் போறியா?"

"மாட்டேன்."

"இதுக்கு முன்னால ஒன்னைய யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்ல. நீயும் கேக்கல."

அது சுருக்கென்று தைத்தது. தைத்தாலும் எழுதினாள். 'காரணம்: குழலியை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.' ஃபாரத்தை அத்தான் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்க இதுக்கு மறுப்பு எழுதலாம் அத்தான். காரணத்தோட எழுதணும்."

அவர் எழுதவில்லை. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனவர், தெருமுனையில்தான் அதைக் கவனித்தாராம்.

அடுத்த சனிக்கிழமை செண்பகவல்லி மாடியேறி வந்தாள். நடந்ததைச் சொன்னாள். டீச்சர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். சபாஷ் என்றோ நல்லது என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. கீழே அச்சகம் தடதடத்துக்கொண்டிருந்தது.

"நீங்க கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லல, இல்லையா?" என்றார். "கம்ப்யூட்டரே போட்டுருங்க."

"ஏன் டீச்சர்?"

"நான் டீச்சர்லா. சொன்னா சரியாத்தான் இருக்கும்."

செண்பகவல்லி அவரையே பார்த்தாள். இந்த வாக்கியத்தை அவள் எங்கே கேட்டாள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"அது காரணம் இல்ல" என்றாள். "போட மாட்டேன்."

எஸ்தர் டீச்சர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நோட்ட எடுங்க. பாடம் ஒண்ணுன்னு போட்டுக்கோங்க."