ஊதா அடுக்கு

"இது என் கைக்குப் பிரியாது மேடம்," என்றார் தனிஸ்லாஸ்.

ஜுலைகா மேசையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

தனிஸ்லாஸுக்கு ஐம்பத்திரண்டு வயது. பாலிடெக்னிக்கில் இருபத்தாறு வருஷம் வேதியியல் எடுத்துவிட்டு, நீண்ட விடுப்பு வாங்கிக்கொண்டு முனைவர் பட்டத்துக்கு வந்தவர். அவருடைய நெறியாளர் ஜுலைகாவுக்கு முப்பத்தெட்டு. இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை சார் என்பார். மூன்று வருஷமாக இருவருக்கும் அதில் குழப்பம் வந்ததில்லை.

"உட்காருங்க சார்."

அவர் உட்காரவில்லை. விலகிக்கொள்வதாக எழுதிய கடிதத்தை மேசைமேல் வைத்தார்.

அவருக்குக் கொடுத்த வேலை கார்பன் நானோகுழாய்களை ரகம் பிரிப்பது. தலைமுடியின் தடிமனை எண்பதாயிரம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு குழாயின் குறுக்களவு. உலையிலிருந்து வரும்போது எல்லா ரகமும் சேர்ந்து வெறும் கரியாக வரும். சில குழாய்கள் உலோகம்போல மின்சாரம் கடத்தும். சிலது கடத்தியும் கடத்தாமலும் இருக்கும். குறுக்களவு மாறினால் நிறம் மாறும். கலந்து கிடக்கும்வரை எல்லாம் கறுப்பு.

பிரிப்பதற்கு ஒரு வழி உண்டு. மேலே லேசாகவும் கீழே போகப்போக அடர்த்தியாகவும் இருக்கிற திரவத்தில் கரியைக் கரைத்த கரைசலை ஏற்றி, மையவிலக்கு எந்திரத்தில் பதினெட்டு மணி நேரம் சுழற்ற வேண்டும். ஒவ்வொரு ரகமும் தன் அடர்த்திக்குத் தக்க உயரத்தில் போய் நின்றுகொள்ளும்.

தனிஸ்லாஸுக்கு நிற்கவில்லை. பதினோரு வாரம். பதினோரு தடவையும் கலங்கின சாம்பல் நிறம்தான்.

கரியைக் கரைக்கச் சேர்க்கும் உப்பை மாற்றிப் பார்த்துவிட்டதாகச் சொன்னார். அடர்த்தியை மாற்றிப் பார்த்தாராம். குழாய்கள் கட்டுக்கட்டாக ஒட்டிக்கொண்டிருக்கின்றனவோ என்று ஒலி அலையால் இரண்டு மடங்கு நேரம் அடித்தும் பார்த்தாராம். துண்டு துண்டாக உடைந்ததுதான் மிச்சம். இந்த வயதில் படிக்க வந்ததே தப்பு என்றார்.

ஜுலைகா கடிதத்தைப் பிரிக்கவில்லை.

"எந்திரத்துக்குப் பக்கத்துல ஒரு நோட்டு இருக்குமே. அதை எடுத்துட்டு வாங்க."

கொண்டுவந்தார். எந்திரத்தைப் பயன்படுத்துகிறவர்கள் வேகம், வெப்பம், நேரம் எல்லாம் எழுதிவைக்கும் நோட்டு அது. ஜுலைகா விரலை வைத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது.

"பதினோரு தடவையும் பிரேக் போட்டு நிறுத்தியிருக்கீங்க."

"ஆமா மேடம்."

"சட்டுனு நிறுத்தினா அடுக்கெல்லாம் கலங்கிடும்னு உங்களுக்குத் தெரியும்."

"கொஞ்சமாத்தான் கலங்கும்னு நினைச்சேன். போடலைன்னா தானா நிக்க ஒரு மணி நேரம் ஆகுது."

"அந்த ஒரு மணி நேரத்துல என்ன செய்றீங்க?"

தனிஸ்லாஸ் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

பிறகு சொன்னார். அவர் மனைவி பிலோமினாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. பத்து மாதமாக டயாலிசிஸ். செவ்வாயும் வெள்ளியும். எந்திரத்தில் அவர் முறை வாரத்துக்கு ஒரு தடவை: திங்கள் மாலை எட்டுக்கு ஏற்றினால் செவ்வாய் மதியம் இரண்டு மணிக்குச் சுற்று முடியும். அங்கே அவளுக்கு இரண்டரைக்கு முடியும். பிரேக்கை அழுத்தி, அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினால் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியில் இருப்பார்.

இதை இங்கே யாரிடமும் அவர் சொன்னதில்லை. தன்னைவிடச் சின்னவர்களிடம் போய் உதவி கேட்க வாய் வரவில்லை.

ஜுலைகா நோட்டை மூடினார்.

"முதல் வாரமே நான் இதைப் பாத்திருக்கணும்," என்றார். "வர்ற திங்கள் இன்னொரு தடவை ஏத்துங்க சார்."

செவ்வாய்க்கிழமை ஒன்றரை மணிக்கு ஜுலைகா ஒரு நாற்காலியை இழுத்துவந்து எந்திரத்தின் முன்னால் போட்டார். உட்கார்ந்தார்.

"நீங்க கிளம்புங்க."

"இரண்டு மணிக்கு உங்களுக்குத் துறைக் கூட்டம் இருக்கே."

"வரலைன்னு சொல்லிட்டேன்."

"நிக்கிற வரைக்கும் இங்க ஒரு வேலையும் இல்ல மேடம். நீங்க எதுக்கு சும்மா..."

"ஆமா. சும்மாதான் உட்காரப் போறேன்."

அவர் தயங்கி நின்றார். ஜுலைகா அவரைப் பார்க்கவில்லை. எந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தனிஸ்லாஸ் போனார்.

வழக்கமாக அவர் போய்ச் சேரும்போது பிலோமினா வெளியே வரிசை நாற்காலியில், பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். வெள்ளிக்கிழமையும் ஆய்வுக்கூடத்திலிருந்து எல்லாம் முடிந்த பிறகுதான் வருவார். அன்றைக்குத்தான் முதல்முறையாக, அவள் படுக்கையில் இருக்கும்போதே உள்ளே போனார்.

கையிலிருந்து ஊசிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஊசி. ஒவ்வொன்றும் தீக்குச்சிப் பருமன். பிலோமினா சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் பஞ்சை வைத்து தனிஸ்லாஸின் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தார். பத்து நிமிஷம் அழுத்திப் பிடிக்கணும், நடுவில் விடக்கூடாது என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார்.

அப்போதுதான் பிலோமினா திரும்பினாள்.

"என்ன, உங்க மிஷின் கெட்டுப்போச்சா?"

"இல்ல. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

பஞ்சின் அடியில் அவள் நாடி துடிப்பது அவர் விரலுக்குத் தெரிந்தது.

"மத்த நாள்ல இதை யார் பிடிச்சுக்குவாங்க?"

"இன்னொரு கை இருக்கே," என்றாள் பிலோமினா.

பத்து நிமிஷம் ஆனது. நர்ஸ் வந்து போதும் என்றார். அதற்குப் பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.

மறுநாள் காலை ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தபோது, மேசைமேல் தாங்கியில் எந்திரத்தில் சுழன்ற சோதனைக் குழாய் நின்றிருந்தது. அசையாமல் நிமிர்த்தி வைத்து, குளிர் பெட்டியில் பத்திரப்படுத்தி, அவர் வரும் நேரத்துக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள்.

மேலே நாவல்பழச் சாறுபோல ஊதா. அதன் கீழே விரற்கடை தெளிவு. அப்புறம் பச்சை. அதற்கும் கீழே, ஒட்டிக்கொண்டு பிரியாமலே போன கட்டுகள் கறுப்பாக.

தனிஸ்லாஸ் குனிந்து, கண்ணை ஊதாவுக்கு நேராக வைத்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடி மங்கியது. கழற்றித் துடைத்துக்கொண்டபோது ஜுலைகா உள்ளே வந்தார்.

"அதே கரி. அதே உப்பு. நான் ஏத்தினதுதான்," என்றார். "நீங்க என்ன செஞ்சீங்க மேடம்?"

ஜுலைகா கைப்பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார்.

"அது நிக்கிற வரைக்கும் எந்திரிக்கல."