உட்கார மறுத்த கரிச்சான்

மருதங்காட்டு அரசர் முத்துவிசயருக்கு யானைகள் அடங்கின, குதிரைகள் அடங்கின, மூன்று மாமன்மார்கூட அடங்கினார்கள். அடங்காதது ஒரு வேட்டைநாய் மட்டும்தான். அதன் பெயர் கரிச்சான். பெயருக்கு ஏற்ற கறுப்பு, நெஞ்சு அகலம், பார்வையில் ஒரு திமிர்.

"உட்கார்!" என்பார் அரசர்.

கரிச்சான் நட்டுவைத்த தூண்போல் நிற்கும். அரசர் தொண்டை வறள மறுபடியும் கத்துவார். அது வாலை மட்டும் மரியாதையாக ஒருமுறை ஆட்டும்.

இந்த நேரம் பார்த்துக் குன்றையூர் அரசர் விருந்துக்கு வருவதாக ஓலை அனுப்பினார். அவருடைய பத்து நாய்களும் அவர் விரலை அசைத்தால் உட்காருமாம். போன ஆண்டு அந்தப் பெருமையைக் கேட்கப் பொறுக்காமல், "என் நாய் அதைவிட நன்றாக உட்காரும்" என்று முத்துவிசயர் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

தளவாய் வீரகேசரி மீசையைத் தடவினார். "நாயின்மேல் குற்றமில்லை, அரசே. பழக்கியவன்மேல்தான் குற்றம். விருந்தாளி முன்னால் அது உட்காராவிட்டால் மாசானத்தைக் குடும்பத்தோடு நாட்டை விட்டுத் துரத்துங்கள்."

மாசானம் வேட்டைநாய்களை வளர்ப்பவன். நாலு பிள்ளைக்காரன். இந்த மண்ணைத் தவிர வேறு மண்ணை மிதித்தறியாதவன். அவன் கண் நிறைந்தது.

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

அப்போது அவையோர் வரிசையின் கடைசியில் நின்ற பிச்சாண்டியார் தொண்டையைச் செருமினார். அவையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போனவர் அவர். "அரசே, விருந்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. நாயை என்னிடம் விடுங்கள். உட்காராவிட்டால் மாசானத்தோடு நானும் மூட்டை கட்டுகிறேன்."

"நாயோடு பேசி ஜெயிக்க முடியாது, பிச்சாண்டியாரே!" என்று தளவாய் சிரித்தார்.

"உண்மைதான். உங்களோடு பேசிப் பழகியதால் அந்த ஆசையை எப்போதோ விட்டுவிட்டேன்."

அவை கலைந்ததும் பிச்சாண்டியார் நாய்க்கொட்டடிக்குப் போனார். "மாசானம், இது நீ சொன்னாலும் உட்காராதா?"

"ஏன் சாமி உக்காராது? ஏ கரிச்சான், உக்காரு!"

கரிச்சான் பொத்தென்று உட்கார்ந்தது.

"பின்னே அரசர் முன்னால் மட்டும் என்ன வந்தது?"

மாசானம் அக்கம்பக்கம் பார்த்தான். "குட்டியா இருக்கையில ராசா முன்னாலயும் உக்காந்துச்சு சாமி. ராசா நிக்கையில எவனும் உக்காரக் கூடாதுல்ல? தளவாயி பிரம்பால மூணு வச்சாரு. அன்னையிலேருந்து ராசா நின்னா இதுவும் நிக்குது."

பிச்சாண்டியார் நாயின் தலையை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். அந்த அரண்மனையில் வழக்கங்களுக்குக் குறைவில்லை. கட்டளையை அரசர் நின்றுகொண்டுதான் இடுவார். அவர் நிற்கும்போது மற்றவர்களும் நிற்க வேண்டும். கிழவர்களான புலவர்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றே தேய்ந்தார்கள். பாவம், நாயும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது.

"ராசாவை உக்காந்துக்கிட்டுச் சொல்லச் சொல்லுங்களேன் சாமி."

"அவரைப் பார்த்து 'உட்காருங்கள்' என்று சொல்லிவிட்டு எந்தத் தலை கழுத்தில் நிற்கும், மாசானம்?"

மறுநாள் முதல் புன்னைமரத்தடியில் பயிற்சி நடந்தது. அரசருக்குப் பின்னால் ஓர் ஆசனம் போட்டிருந்தார்கள். பிச்சாண்டியார் கையில் ஒரு தூக்குப்பாத்திரம்.

"அரசே, கட்டளையை ஒரே ஒருமுறை சொல்லுங்கள்."

"உட்கார்!"

பிச்சாண்டியார் மூடிய கையை உயர்த்தி, மெல்லத் திறந்தார். உள்ளே அதிரசம். அவர் மனைவி காந்திமதி சுட்டது, நெய் மினுங்கியது. நின்றுகொண்டு உண்பது அரச குலத்துக்கு ஆகாது. முத்துவிசயர் ஆசனத்தில் அமர்ந்து வாயில் போட்டுக்கொண்டார்.

கரிச்சான் அரசரைப் பார்த்தது. தளவாயின் பிரம்பு எங்கேயாவது தெரிகிறதா என்று பார்த்தது. பிறகு அதுவும் உட்கார்ந்தது.

"அட! என் குரலுக்கு அடங்கிவிட்டது, பார்த்தீரா!"

"குரல் என்றால் அதுவல்லவா குரல்!"

காலையில் மூன்று முறை, மாலையில் மூன்று முறை பயிற்சி. ஐந்தாம் நாள் பிச்சாண்டியார் கையைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. உயர்த்தினாலே போதும், அரசர் பேசிக்கொண்டே அமர்ந்துவிடுவார், அதிரசம் பிறகுதான்.

விருந்து நாள் வந்தது. குன்றையூர் அரசர் எதிரே அமர்ந்திருந்தார். பிச்சாண்டியாரின் கையில்தான் ஏதோ இருக்கிறது என்று மோப்பம் பிடித்திருந்த தளவாய் வேண்டுமென்றே அவருக்கு முன்னால் வந்து மதில்போல் மறைத்து நின்றார். முத்துவிசயர் எழுந்தார்.

"உட்கார்!"

கரிச்சான் நின்றது. குன்றையூராரின் உதடு ஓரத்தில் ஒரு கேலி எட்டிப் பார்த்தது. மாசானத்தின் முகம் வெளுத்தது. அந்த முகத்தை ஆசைதீரப் பார்க்கவேண்டும் என்று தளவாய்க்குத் தோன்றியது. ஓரடி விலகித் திரும்பினார்.

அந்த இடைவெளியில் பிச்சாண்டியாரின் மூடிய கை உயர்ந்தது.

அரசர் சட்டென்று அமர்ந்தார். கரிச்சானும் அமர்ந்தது.

"ஆகா! கட்டளையிட்டுவிட்டு, அது கீழ்ப்படியும் என்ற நம்பிக்கையோடு அமர்ந்தீர்களே, அதுதான் கம்பீரம்!" என்று குன்றையூரார் கைதட்டினார். தளவாய் தம் பிரம்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

விருந்தாளி போனதும் அரசர் மாசானத்தை அழைத்துப் பட்டு போர்த்தினார். "நீயும் உன் பிள்ளைகளும் என்றைக்கும் இந்த மண்ணில்தான் இருப்பீர்கள்" என்றார். பிறகு பிச்சாண்டியாரிடம் திரும்பினார்.

"உண்மையைச் சொல்லும். இந்த முரட்டு நாய்க்கு எப்படிக் கற்றுக்கொடுத்தீர்?"

"நாய்க்கு நான் ஒன்றுமே கற்றுக்கொடுக்கவில்லை, அரசே. அதற்கு உட்கார முன்பே தெரியும். தாங்கள் நின்றால் அது உட்காராது, அவ்வளவுதான்."

"அப்படியானால் ஒன்பது நாளும் யாருக்குப் பயிற்சி கொடுத்தீர்?"

பிச்சாண்டியார் தலை குனிந்தார். "ஐம்பத்து நான்கு அதிரசம் செலவாயிற்று, அரசே. அதில் ஒன்றைக்கூடக் கரிச்சான் தின்னவில்லை."

அரசர் தம் ஆசனத்தைப் பார்த்தார், பிச்சாண்டியாரின் கையைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்புத் தாங்காமல் எழுந்தே நின்றுவிட்டார்.

கரிச்சானும் மரியாதையாக எழுந்து நின்றது.