பூவராகவன் சாரும் அவருடைய பக்கமும்

ஆவாரங்காட்டுக் கலைக் கல்லூரியில் எல்லாரும் நன்றாகப் படித்தவர்கள். அதனால் எந்த உத்தரவு வந்தாலும் அதில் உள்ளபடியே செய்துவிடுவார்கள்.

ஒரு நாள் பல்கலைக்கழகத்திலிருந்து உத்தரவு வந்தது. கல்லூரி இணையதளத்தில் ஆசிரியருக்கென்று இருக்கும் பக்கமும் அந்த ஆசிரியரும் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் அவருடைய துறை மூடப்படும்.

விலங்கியல் துறையில் இருந்ததே பூவராகவன் சார் ஒருவர்தான். அவருடைய பக்கமோ, அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் போட்டது.

"பக்கத்தை மாத்திடலாமே" என்றார் அவர்.

"முடியாது சார்" என்றார் கணினிப் பொறுப்பாளர் வேலாயுதம். "பாஸ்வேர்டை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு உத்தரவு. கம்ப்யூட்டரே தினமும் கேக்குது. நான் வாயைத் திறக்கலையே!"

அவருடைய நேர்மையை எல்லாரும் பாராட்டினார்கள். முதல்வர் தணிகாசலம் வெகுநேரம் யோசித்தார்.

"அப்ப சாரைத்தான் மாத்தணும்."

பக்கத்தில் முடி கறுப்பு, மை பூசினார்கள். பக்கத்தில் கண்ணாடி இல்லை, கழற்றினார்கள். 'மணமாகாதவர்' என்றும் போட்டிருந்தது. மதியம் சாப்பாடு கொண்டுவந்த மனைவி குமுதவல்லியிடம் சார் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மன்னிக்கணும், நீங்க யாருங்க?"

"யாரோங்க. ராத்திரி வீட்டுப் பக்கம் மட்டும் வந்துடாதீங்க." டிபன் கேரியரோடு அவர் திரும்பிப் போய்விட்டார்.

முதல்வருக்கு அடுத்த கவலை வந்தது. "போட்டோவுல சார் மார்போட முடிஞ்சுடறாரே! மீதி உடம்பு உத்தரவுக்கு விரோதமாச்சே."

"மேஜைக்குப் பின்னாடி நிக்கட்டுமா?" என்றார் சார்.

"அடியில கால் தெரியும்."

மைதானத்தில் பள்ளம் தோண்டி, சாரை மார்பு வரை இறக்கி நிறுத்தினார்கள்.

சரிபார்க்கப் பல்கலைக்கழக அதிகாரி வந்தார். செல்போனில் இருந்த சாரையும் பள்ளத்தில் இருந்த சாரையும் மாறி மாறிப் பார்த்தார். அச்சு அசல். பிறகு போனில் மூக்கின்மேல் இரண்டு விரலை வைத்து விரித்தார், மூக்கு பெரிதானது. பள்ளத்துக்குக் குனிந்து அங்கேயும் விரித்தார். சார் தும்மினார்.

"இவர் பெரிசாகலையே! ஒத்துப்போகலை. துறையை மூட வேண்டியதுதான்."

சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இங்க சிக்னல் இல்ல சார்" என்று குறுக்கே வந்தார் வேலாயுதம். "மாடிக்குத் தூக்கிட்டுப் போனா பெரிசாவாரு."

"பள்ளத்தோட தூக்குங்கய்யா!" என்று பதறினார் முதல்வர். "கால் தெரிஞ்சுடப் போகுது!"

பள்ளத்தை வெளியே எடுக்கச் சுற்றிலும் தோண்டினார்கள். தோண்டத் தோண்ட அது அகலமாகிக்கொண்டே போனது.

"அட, பெரிசாகுதே!" அதிகாரி பூரித்துப்போனார். விலங்கியல் துறை நீடிக்கலாம் என்று அங்கேயே கையெழுத்துப் போட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். பள்ளம் அதற்குள் இயற்பியல் துறை வாசல் வரை வந்திருந்தது.

பேனாவை மூடியபடி அதிகாரி சொன்னார்: "போதும். இப்ப சின்னதாக்குங்க."