முனையில் ஒட்டியவர்கள்

ஒரு பட்டறையில் ஒற்றைப் பல் கட்டர் ஒன்று இருந்தது. சுழன்று சுழன்று எஃகைச் சீவிச் சமமாக்குவது அதன் வேலை. அதற்குக் கீழே, வைஸ் என்ற இரும்புப் பிடியில் இறுக்கப்பட்டு, தகடு ஒன்று தன் முறைக்குக் காத்திருந்தது. தண்ணீர் பம்புக்கு மூடியாகப் போகவேண்டிய தகடு அது. முகம் வழுவழுவென்று இருந்தால்தான் பம்போடு பொருந்தும். இல்லாவிட்டால் கசியும்.

கட்டர் இறங்கியது. தகடு கண்ணை மூடிக்கொண்டது. வெட்டுப்படத்தான் வந்திருக்கிறோம் என்று அதற்குத் தெரியும். ஆனால் இது வெட்டு மாதிரி இல்லை, பிய்த்து எடுப்பது மாதிரி இருந்தது. கண் திறந்து பார்த்தால் முகமெல்லாம் வரிவரியாகக் கீறல்.

அண்ணாந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கட்டரின் கூர்முனையே கண்ணில் படவில்லை. ஏற்கெனவே சீவிய தகடுகளின் துணுக்குகள் அதன் மேல் அப்பிக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன.

அவை கட்டரைத் தனியாக விடுவதே இல்லை. முனை தேயாமல் காப்பது தாங்கள்தான் என்று ஓயாமல் ஓதின. வேகமாகச் சுழன்றால் உடம்புக்கு ஆகாது என்று சொல்லி வேகத்தைக் குறைக்கவைத்தன. வெட்டும் இடத்தில் பாய்ந்து கழுவிக் குளிரவைக்கும் கூலண்டைக் கண்டால் மட்டும் அவற்றுக்குப் பயம். அதற்குத் தலைவர் மேல் மரியாதை போதாது என்று கட்டரிடம் கோள்மூட்டி, தொட்டியோடு நிறுத்திவைத்தன. தகடுகளில் ஏன் கீறல் விழுகிறது என்று கட்டர் கேட்டபோதெல்லாம், இந்த எஃகே மட்டமான சரக்கு என்றன. கட்டரும் நம்பியது.

தகட்டின் பக்கத்தில் உப்புத்தாள் வந்து நின்றது. ஒரு தேய் தேய்த்தால் மினுமினுவென்று ஆகிவிடும், பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது என்று ஆறுதல் சொன்னது. முன்னே போன தகடுகள் அப்படி மினுங்கிக்கொண்டு போனவைதான். பம்பில் மாட்டியதும் கசிந்து, எல்லாம் பழைய இரும்புக் குவியலுக்கே திரும்பிவிட்டன.

"என்னைத் தொடாதே," என்றது தகடு. "எனக்கு மினுக்கு வேண்டாம்."

பிறகு கட்டரைப் பார்த்தது. "இந்தக் கீறல் உங்க கூர்மை போட்டதில்லைங்க. உங்க முகத்துல உட்கார்ந்திருக்கிறவங்க போட்டது. நீங்க இன்னும் என்னைத் தொடவே இல்லை."

துணுக்குகள் கொதித்துப்போயின. வைஸில் சிக்கிக் கிடக்கிற தகட்டுக்கு இவ்வளவு வாயா, கழற்றிக் குவியலில் எறியுங்கள் என்று கத்தின.

"எறியுங்க," என்றது தகடு. "கசியிற மூடியாப் போறதுக்கு அதுவே மேல்."

கட்டருக்குச் சுருக்கென்றது. தன் சொந்த முனை கடைசியாக எஃகைத் தொட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தது. நினைவுக்கு வரவில்லை. துணுக்குகளை இறங்கச் சொன்னது.

"இறங்குறோம் தலைவரே," என்றது உச்சியில் இருந்த துணுக்கு. "சும்மா இறங்க மாட்டோம். உங்க முனையில ஒரு சில்லைப் பேத்துக்கிட்டுத்தான் போவோம்."

கட்டர் கொஞ்சம் தயங்கியது.

"எடுத்துக்கிட்டே போங்க," என்று சொல்லிவிட்டு வேகத்தைக் கூட்டியது. கூலண்டைக் கூப்பிட்டது. துணுக்குகள் நாலா பக்கமும் சிதறின. சொன்னபடியே சில்லையும் பேர்த்துக்கொண்டு போயின. கட்டர் வலியோடு தன் பல்லைத் திருப்பி, அதன் மூலைகளில் அடிபடாத இன்னொரு முனையை முன்னுக்குக் கொண்டுவந்தது.

பிறகு கீழே பார்த்தது. குரல் இறங்கியிருந்தது. கீறல் ஆழமாகப் போய்விட்டது, முகம் முழுவதையும் இன்னொரு முறை சீவினால்தான் போகும், வலிக்கும் என்றது. தாங்க முடியாது என்றால் உப்புத்தாளையே கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னது.

தகடு பார்வையைத் தாழ்த்தவில்லை.

"மறைக்க வேண்டாம்னுதான் சொன்னேன். வெட்ட வேண்டாம்னு எப்பச் சொன்னேன்? இறங்குங்க."