இறக்கத்துக்கு எஞ்சின் எதுக்கு?

"எஞ்சின் போயிடுச்சு தாயி. மாத்தவா, காயலான் கடைக்குப் போட்டுடவா?"

பொன்னுரங்கம் இதைக் கேட்டபோது சாமியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. பொன்னுரங்கம் அறுபதைத் தாண்டியவர். ஆனாலும் மனசு குழம்பினால் அவர் வந்து நிற்கிற வாசல் இதுதான்.

"மெக்கானிக் என்ன சொல்றார்?"

"உள்ள இறுகி சீஸ் ஆயிடுச்சு, வேற எஞ்சின் போட்டாத்தான் ஓடும்னு சொல்றான் அடிவாரத்துத் தாவூது."

"வீட்டுல?"

"கிழட்டு வண்டிக்குப் புது எஞ்சினான்னு சிரிக்கிறாங்க."

"நீங்க?"

பொன்னுரங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

அந்த மலைக்கே அது ஒன்றுதான் கார். வலி கண்டாலும் பாம்பு கடித்தாலும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு எத்தனை பேரை இறக்கியிருக்கிறார் என்று அவருக்கே தெரியாது. இப்போது முட்டி மடங்க மாட்டேன் என்கிறது. ஒரு ராத்திரி தூக்கம் கெட்டால் இரண்டு நாளைக்கு ஆளையே சாய்த்துவிடுகிறது.

வண்டி நின்றுபோன அன்று அவருக்கு உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது கூச்சமாக இருந்தது. விட்டுத் தள்ளுங்க என்று சாமியம்மா ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அதைக் கேட்கத்தான் வந்திருந்தார்.

சாமியம்மா கீரையை ஓரமாக வைத்தார்.

"வாங்க ரங்கண்ணே, அடிவாரம் வரைக்கும் போயிட்டு வருவோம்."

"எதுல தாயி?"

"உங்க கார்லதான்."

"அதான் எஞ்சின் மண்டையைப் போட்டுடுச்சே!"

"இறக்கத்துக்கு எஞ்சின் எதுக்கு? பிரேக் பிடிக்குதில்ல?"

"பிரேக்குக்கு ஒரு குறைச்சலும் இல்ல."

டீக்கடையில் நின்றவர்கள் சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டார்கள். வண்டி உருண்டது.

சத்தமே இல்லை.

முப்பது வருஷமாக அந்தப் பாதையில் அவர் காதில் விழுந்ததெல்லாம் எஞ்சின் இரைச்சலும் பின்சீட்டு முனகலும்தான். இன்றைக்குச் சருகின் மேல் டயர் ஏறுவது கேட்டது. பேர் தெரியாத ஒரு பறவை கூப்பிட்டது. மூன்றாவது வளைவில் தண்ணீர் விழுகிற ஓசை.

"இங்க அருவி இருக்கா தாயி?"

"இருக்கே."

அடுத்த வளைவில் மேகம் விலகியது. பள்ளத்தாக்கு மொத்தமும் திறந்துகொண்டது. கீழே எங்கேயோ, நூல் போட்ட மாதிரி, அவர் போக வேண்டிய ரோடு. பொன்னுரங்கத்துக்கு உடம்பு சிலிர்த்தது.

"இம்மாம் பெரிய மலையா? இதுலயா நான் ஏறி எறங்கிட்டிருந்தேன்?"



பொன்னுரங்கத்துக்கு அழுகை வந்தது. துக்கம் இல்லை. இத்தனை அழகுக்கு நடுவில் ஒருநாளும் தலையைத் திருப்பாமல் ஓட்டியிருக்கிறோமே என்று மலைப்பாக இருந்தது.

"இப்படியே போயிட்டே இருக்கலாம் போல இருக்கு தாயி."

"போங்களேன்."

மலை முடிந்தது. ரோடு சமதளத்துக்கு வந்தது. வேகம் குறைந்து, குறைந்து, ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது. அதற்கு மேல் ஒரு முழம்கூட நகரவில்லை.

"அவ்வளவுதான் தாயி."

சாமியம்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பின்கதவு திறந்தது. ஒரு பெண் மெல்லக் குனிந்து ஏறினாள். கையில் பழைய சேலைத்துணியில் சுற்றிய குழந்தை. பொன்னுரங்கத்துக்கு அவளை யாரென்று தெரியவில்லை. கல்யாணமாகி மலைக்கு வந்த பெண்ணாக இருக்கும்; வலி வருமுன்பே நடந்து இறங்கியிருப்பாள்.

"எப்படி மேல போறதுன்னு முழிச்சுக்கிட்டு நின்னேன். நல்லவேளை, நம்ம கார் வந்துடுச்சு." அவளே கதவைச் சாத்திக்கொண்டாள். "மெதுவாப் போங்க டிரைவரய்யா. தையல் போட்டிருக்கு."

எஞ்சின் இல்லம்மா என்று சொல்லத்தான் பொன்னுரங்கம் திரும்பினார்.

குழந்தை விழித்துக்கொண்டிருந்தது. இங்கே கீழேயே பிறந்தது. தன் ஊரை அது இன்னும் பார்த்ததில்லை.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாமியம்மாவைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கறீங்க? கேட்டது அவங்க."

பொன்னுரங்கம் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார்.

"தாவூது, வேற எஞ்சினுக்குச் சொல்லிடு. இப்போதைக்கு உன் ஜீப்பையும் கயிறையும் எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வா."

"நேத்து வரைக்கும் யோசிக்கணும்னீங்க. இப்ப என்னண்ணே அவ்வளவு அவசரம்?"

"ஆள் ஏறிட்டாங்கப்பா."