கற்பூரத்தின் முன்னால் நிற்கும் இரண்டு

அந்தக் காலத்தில் அணுக்களெல்லாம் பேசிக்கொண்டிருந்தன. அன்றைய கற்பூரம் இன்றைய வில்லை மாதிரி இல்லை. பத்துக் கார்பன், பதினாறு ஹைட்ரஜன், ஒரே ஓர் ஆக்சிஜன் கைகோத்து நின்றால் அது ஒரு கற்பூரம். கண்ணுக்கே தெரியாத பொடிசு. அப்படி ஓர் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள்.

ஒருநாள் அண்ணன் சும்மா இருக்காமல் நெருப்பைத் தொட்டுப் பார்த்தான். அவ்வளவுதான், சாம்பல்கூட மிஞ்சவில்லை. தங்கை அலறிக்கொண்டு மழையிடம் ஓடினாள்.

"மழையம்மா, நெருப்பு எங்கண்ணனை முழுங்கிட்டான்!"

மழைக்குக் கோபம் வந்தால் கேட்கவா வேண்டும்? இடியும் மின்னலுமாக வந்து நெருப்பின் தலைக்கு மேல் நின்றாள். உலகத்தில் அப்போது இருந்ததே அந்த ஒரு நெருப்புதான். அவள் ஒரு முறை கொட்டினால் கதை முடிந்தது.

"நான் யாரையும் முழுங்கலை, தாயே. எனக்கு வயிறே கிடையாதே!" என்று நெருப்பு கதறினான். "அவன் காத்துல இருந்த ஆக்சிஜன்களோட சேர்ந்து வேற உருவமாப் போயிட்டான். அவங்க எப்பவும் ஜோடியாத்தான் வருவாங்க. கடைசி ஜோடியில ஒருத்தன் மட்டும் போயிட்டான். இன்னொருத்தன் பாருங்க, அழுதுகிட்டு நிக்கிறான்."

உண்மைதான். ஒற்றை ஆக்சிஜன் ஒன்று விம்மிக்கொண்டிருந்தது.

"இவனைச் சேர்த்துக்க யாருமில்லையா?" என்று தங்கை கேட்டாள்.

"இன்னொரு கற்பூரம் வந்தாத்தான் உண்டு."

தங்கை நெருப்பின் ஓரத்துக்கு வந்தாள். "அண்ணன் போன இடத்துக்கு நானும் போறேன். மழையம்மா, நான் காணாமப் போயிட்டா இந்த நெருப்பை அணைச்சிடுங்க" என்று சொல்லி உள்ளே இறங்கினாள்.

மழை கண் கொட்டாமல் பார்த்தாள். பத்துக் கார்பன்களும் ஆளுக்கு இரண்டு ஆக்சிஜனைக் கைப்பிடித்துக் காற்றில் கலந்தன. பதினாறு ஹைட்ரஜன்களும் இரண்டிரண்டாக ஓர் ஆக்சிஜனோடு சேர்ந்து, எட்டு நீர்ப்பொடிகளாக அவளை நோக்கி எழுந்து வந்தன. அழுதுகொண்டிருந்த ஒற்றைக்கும் இடம் கிடைத்தது. ஒருவர்கூட மீதியில்லை.

"நீரா? நெருப்பிலிருந்து என் பிள்ளைகளா?"

மழை தன் மடியைத் தடவிப் பார்த்தாள். அங்கே முன்பே ஏறி வந்திருந்த புது முகங்கள் எட்டு! அண்ணனை மடியில் வைத்துக்கொண்டே, அவனுக்காக நெருப்பைக் கொல்லப் பார்த்திருக்கிறாள். கொட்ட வந்தவள் கொட்டாமல் விலகினாள்.

பிறகு சொன்னாள்: "இனிமே யார் உருவம் மாறினாலும் உள்ளே இருக்கறவங்க பேரு தெரியணும். கார்பனும் ரெண்டு ஆக்சிஜனுமா, கார்பன் டை ஆக்சைடுன்னே கூப்பிடுங்க. போனவங்களை அம்புக்குறிக்கு இந்தப் பக்கம் எழுதுங்க, வந்தவங்களை அந்தப் பக்கம். ஒருத்தர் குறைஞ்சாலும் நான் ஒத்துக்க மாட்டேன்."

கற்பூரம் எரிவதைச் சமன்பாடாக எழுதுகிறவர்கள் ஒரு கற்பூரத்தை மட்டும் எழுதினால் ஓர் ஆக்சிஜன் ஒற்றையாக நின்றுவிடுகிறது. அதனால்தான் அன்று முதல் கற்பூரத்தின் முன்னால் 2 என்று போடுகிறார்கள். அண்ணனும் தங்கையும்தான் அந்த இரண்டு.